அச்செடுப்பு

மைனஸ் முப்பத்தொன்று.
வினிபெக், போர்ட்டேஜ் அவெனியூ.
பேருந்து வரவில்லை;
வராதென்று துவாரகனின் போன் ஒத்துக்கொண்டது.
எதிர்க் கட்டடத்தில் வெளிச்சம் இருந்தது, வெக்கையும்.
அப்படித்தான் ஜோமோன் காலத்துக்குள் போனோம்,
காலில் உப்பும் சேறுமாக,
கோட்டுகளைக் கழற்றிக் கொடுத்து
எண் பொறித்த தகடு இரண்டு வாங்கிக்கொண்டு.

உழாமலே பானை செய்தவர்கள், என்றது முதல் பலகை.
ஜப்பானில், பத்தாயிரம் ஆண்டுக்கு மேல்,
கஷ்கொட்டையும் சால்மனும் சிப்பியும் தின்று
இருந்த இடத்தில் இருந்தார்களாம்.
ஈர மண்ணில் கயிற்றை உருட்டி வரி போட்டிருந்தார்கள்.
கயிறு எப்போதோ உக்கிவிட்டது.
முறுக்கு மட்டும் இருக்கிறது.
இடமுறுக்கா வலமுறுக்கா என்று
இன்றைக்கும் சொல்லலாம்.

நான் பல் செய்யும் கூடத்தில் வேலை செய்பவள்.
எல்லோரும் பானைக்கு முன்னால்;
நான் மண்டையோட்டின் வாய்க்கு முன்னால்.
மேல் கோரைப்பல் இரண்டும் இல்லை.
விழுந்தவை அல்ல, பிடுங்கியவை.
எலும்பு வடிவாக மூடி ஆறியிருந்தது.
வயதுக்கு வந்ததற்கோ கலியாணத்துக்கோ
ஆளை இருத்திப் பிடுங்குவார்களாம்.
கடைவாயில் சொத்தை.
"கொட்டை மா," என்றேன் துவாரகனிடம்,
"ஒட்டிக்கொண்டால் விடாது."

காவலுக்கு நின்ற ரொடெல் இதைக் கேட்டுவிட்டார்.
சுற்றிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து
கீழ்வரிசை பிரிட்ஜைக் காட்டினார்.
"மணிலாவில் கட்டியது. எப்படி?"
நல்ல வேலை என்றேன்.
உண்மையிலேயே நல்ல வேலை.

அடுத்து, களிமண் பெண்ணொருத்தி, ஒரு கால் இல்லாமல்.
வீங்கிய கண்கள், குறுக்கே ஒரு கீறல்.
இனுயிட்டுகள் பனிவெளியில் கட்டும் கண்ணாடியை நினைத்து
அவளுக்குப் பெயர் வைத்தார்களாம்.
இந்த ஊருக்குப் பொருத்தமானவள்தான்.
காலை வேண்டுமென்றே உடைத்திருக்கலாம் என்று போட்டிருந்தது.
எதற்கென்று போடவில்லை.

கடைசிப் பெட்டி சின்னது.
உள்ளங்கை அளவு சுட்ட மண் தகடு,
அதில் ஒரு பாதம்.
துவாரகன் வழக்கம்போலச் சத்தமாக வாசித்தான்:
"குழந்தையின் காலை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தது.
பெரியவர் ஒருவரின் புதைகுழியில் கிடைத்தது.
குழந்தை இறந்த பின்"
பிறகு தூண்டில் முள் பார்க்கப் போய்விட்டான்.

ஒரு நாளில் இருபது அச்சுக்குச் சாந்து ஊற்றுகிறவள் நான்.
ஆள் அசைந்திருந்தால் தெரியும்.
விளிம்பு இழுபடும்,
ஒரு கோடு இரண்டாக விழும்.
இதில் இழுபடல் இல்லை.
ஐந்து விரலும் அதனதன் இடத்தில்.
உதைக்கவில்லை.

மேலே ஒரு துளை. தொங்கவிட, என்றது பலகை.
எங்கே?
அடுப்புக்கு மேலா, கூரைக் கழியிலா,
படுக்கும்போது முகம் திரும்புகிற பக்கமா?
துளையின் மேல்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது.
கயிறு தேய்த்தது.
கயிறு இங்கேயும் இல்லை.

ஐந்து நிமிடத்தில் பூட்டுவோம் என்று வந்த ரொடெல்
என் முகத்தைப் பார்த்துப்
பத்து என்று மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால்,
டாலர் கடையடியில், இறங்குவோம் என்றான்.
நாங்கள் இருப்பது வாடகை வீடு.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நேர்ஸ் தந்த அட்டை
மூன்று வருடமாய் மேசை லாச்சியில்,
மின்கட்டண உறைகளுக்குக் கீழே.
நீல மையில் இரண்டு பாதம்.
பெயருக்கான கோட்டில் ஒன்றுமில்லை.
நிறை: ஆயிரத்து முந்நூற்றுப் பத்து கிராம்.
நான் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.
அவன் பார்த்திருக்கிறான் என்று
எனக்குத் தெரியாது.

ஒட்டுகிற கொக்கி, வெள்ளை, பொதிக்கு இரண்டு.
குழல்விளக்குக்கு நேரே பிடித்து
கண்ணைச் சுருக்கிச் சின்ன எழுத்தைப் படித்தான்.
ஒன்றரைக் கிலோ வரை தாங்குமாம்.

"காணும்," என்றான்.